முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் மூளை

வேலைக்கு விண்ணப்பித்தவரின் நேர்காணல் வீடியோவைக் கொடுத்தால் போதும், அவர் முகத்தை அலசி மதிப்பெண் போட்டுத் தருகிறோம் என்று சொல்லிச் சில மென்பொருள்கள் சந்தைக்கு வந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இதில் ஒரு பகுதிக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. வேலையிடத்திலும் கல்வி நிலையத்திலும் ஒருவரின் உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருள்களுக்கு 2025 பிப்ரவரி 2 முதல் அங்கே தடை. மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

முகத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பதை நாம் எல்லோரும் தினமும் செய்கிறோம். அதையே இயந்திரம் செய்தால் மட்டும் என்ன தப்பு என்று கேட்கத் தோன்றும். இதற்குப் பதில் சொல்ல, நம் மூளை அந்த வேலையை எப்படிச் செய்கிறது, எவ்வளவு சரியாகச் செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு முகம் கண்ணில் பட்டதும் மூளை மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறது.

1. இவர் யார்?
2. இப்போது இவர் மனநிலை என்ன?
3. இவர் எப்படிப்பட்ட ஆள்?

முதல் கேள்வியில், பழகிய முகமாக இருந்தால், மூளையை மிஞ்ச ஆளில்லை. இரண்டாவதில் பரவாயில்லை, சூழலும் சேர்ந்து தெரிந்தால் நன்றாகவே கணிக்கும். மூன்றாவதற்கு முகத்தில் விடையே கிட்டத்தட்ட இல்லை. ஆனாலும் மூன்றுக்கும் ஒரே வேகத்தில், ஒரே உறுதியோடு பதில் வந்து விழுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முகத்துக்கென்று ஒதுக்கிய இடங்கள்

மூளையின் பக்கவாட்டில், காதுக்கு உள்பக்கமாக இருப்பது பொட்டு மடல். அதன் அடிப்பரப்பில் ஃபியூசிஃபார்ம் என்றொரு மடிப்பு நீளவாக்கில் ஓடுகிறது. நான்சி கான்விஷரும் அவருடைய சகாக்களும் ஆட்களை, மூளையில் எந்த இடம் சுறுசுறுப்பாகிறது என்று காட்டும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனில் படுக்கவைத்து முகம், வீடு, கை, பொருள் என்று படங்களை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். முகம் வரும்போது இந்த மடிப்பில் ஒரு சிறு பகுதி மற்ற எதற்கும் இல்லாத அளவுக்குச் சுறுசுறுப்பானது. 1997-இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு அந்த இடத்துக்கு 'ஃபியூசிஃபார்ம் முகப் பகுதி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு இது வலப்பக்க மூளையில்தான் பலமாக இருக்கும்.

அது தனியாக வேலை செய்வதில்லை. பின்மண்டைப் பக்கம் கண், மூக்கு, வாய் என்று உறுப்புகளைக் கவனிக்கும் ஒரு பகுதி இருக்கிறது. பொட்டு மடலின் மேல்பக்கப் பள்ளத்தில் இன்னொரு பகுதி, பார்வை போகும் திசை, உதட்டசைவு, முகபாவம் போன்ற அசைவுகளைக் கவனிக்கிறது. முகத்தில் மாறாமல் இருப்பவை ஒரு வழியாகவும், நொடிக்கு நொடி மாறுபவை வேறொரு வழியாகவும் அலசப்படுகின்றன என்று ஜேம்ஸ் ஹாக்ஸ்பி குழுவினர் 2000-இல் முன்வைத்த மாதிரி, இன்றும் இந்தத் துறையின் அடிப்படைப் படமாக இருக்கிறது. நம் முதல் கேள்விக்கு முதல் வழி, இரண்டாவது கேள்விக்கு இரண்டாவது வழி. மூன்றாவது கேள்வி எங்கிருந்து விடை எடுக்கிறது என்பதைப் பிறகு பார்ப்போம்.

இந்தப் பகுதிகள் எவ்வளவு தனித்தேர்ச்சி பெற்றவை என்பதைக் குரங்குகளில் நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். டோரிஸ் சாவ், வின்ரிக் ஃப்ரைவால்ட் ஆகியோரின் குழு 2006-இல் மக்காக் குரங்கின் மூளையில் அப்படியொரு முகத்திட்டில் மின்முனை வைத்துப் பார்த்தபோது, அங்கே படங்களுக்குப் பதிலளித்த நியூரான்களில் 97% முகத்துக்கென்றே இருந்தன. 2017-இல் சாவின் குழு இன்னொரு படி மேலே போனது. சுமார் 200 நியூரான்களின் துடிப்பைப் பதிவு செய்து, குரங்கு பார்த்துக்கொண்டிருந்த மனித முகத்தை அந்தப் பதிவிலிருந்தே கணினியில் திரும்ப வரைந்துகாட்டினார்கள். அசலுக்கும் வரைந்ததற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

மனிதர்களிடம் கிடைத்த ஒரு சான்று இதைவிட வியப்பானது. 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த ஒருவரின் ஃபியூசிஃபார்ம் மடிப்பில் மருத்துவர் மெல்லிய மின்னோட்டம் செலுத்தினார். அந்தக் கணமே எதிரில் நின்ற மருத்துவரின் முகம் உருமாறி வேறு யாரோ ஒருவராகத் தெரிவதாக நோயாளி சொன்னார். முகம் மட்டும்தான் மாறியது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது என்றும் சொன்னார். மின்னோட்டம் செலுத்தாமலே செலுத்துவதுபோல் பாவனை செய்தபோது அவருக்கு எதுவும் மாறவில்லை.

இன்னொரு தனித்தன்மை, மூளை முகத்தை உறுப்பு உறுப்பாகக் கூட்டிப் பார்ப்பதில்லை, மொத்தமாக விழுங்குகிறது. அதனால்தான் முகத்தைத் தலைகீழாகக் காட்டினால் அடையாளம் காணும் திறன் மற்ற பொருள்களைவிட மிக மோசமாகச் சரிகிறது. ராபர்ட் யின் 1969-இல் இதைக் காட்டினார். பீட்டர் தாம்சன் 1980-இல் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினார். படம் முழுவதையும் கவிழ்த்து வைத்தால் பெரிதாக ஒன்றும் தப்பாகத் தெரியாது. நேராகத் திருப்பியதும் கோரமாக இருக்கும்.

அடையாளம் ஒன்று, நெருக்கம் வேறொன்று

சரி, இந்த அமைப்பில் ஏதாவது உடைந்தால் என்ன ஆகும்?

மூளைக் காயம் பட்ட சிலருக்கு முகங்கள் மட்டும் அடையாளம் தெரியாமல் போவதை ஜெர்மன் மருத்துவர் யோவாக்கிம் போடமர் 1947-இல் விவரித்து 'பிரோசோபக்னோசியா' என்று பெயரிட்டார். தமிழில் முகக்குருடு எனலாம். பார்வையில் குறையில்லை, நாற்காலியும் மேசையும் தெரிகின்றன, எதிரில் இருப்பது முகம் என்பதும் தெரிகிறது. அது யாருடைய முகம் என்பதுதான் தெரியாது. காயமே இல்லாமல் பிறவியிலேயே இப்படி இருப்பவர்களும் உண்டு. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் தமக்கு இந்தக் குறை இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். இவர்கள் ஆட்களைக் குரல், நடை, சிகையலங்காரம் போன்றவற்றை வைத்துத்தான் கண்டுகொள்கிறார்கள். வேண்டுமென்றே பார்க்காததுபோல் போகிறார் என்று மற்றவர்கள் வருத்தப்படும்போது, உண்மையில் அவருக்கு அந்த முகம் யாருடையது என்றே தெரிந்திருக்காது.

இதற்கு நேர் எதிரான நோய் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்கிரா 1923-இல் விவரித்த பெண்மணி, தன் கணவரும் பிள்ளைகளும் அகற்றப்பட்டு அவர்களைப்போலவே இருக்கும் வேறு ஆட்கள் வீட்டில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். முகம் கணவரின் முகம்தான், அதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது கணவர் இல்லை என்றார். ஹேடின் எல்லிஸ், ஆண்ட்ரூ யங் இருவரும் 1990-இல் தந்த விளக்கம் இது: முகத்தை அடையாளம் காணும் வழி நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த முகத்தோடு வரவேண்டிய நெருக்க உணர்வு வராமல் நின்றுவிட்டது. தோலின் மின்கடத்துதிறனை அளந்த சோதனைகள் இதற்கு வலுச் சேர்த்தன. சாதாரணமாகத் தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கை லேசாக வியர்க்கும். இந்த நோயாளிகளுக்கு அந்த மாற்றம் இல்லை. வி. எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹர்ஸ்டைனும் 1997-இல் பதிவு செய்த ஒருவர், பெற்றோர் நேரில் வந்தால் போலிகள் என்றார், அவர்களே தொலைபேசியில் பேசினால் அம்மா அப்பா என்று ஏற்றுக்கொண்டார். காது வழியாக நெருக்க உணர்வு வந்துசேர்ந்தது, கண் வழியாக வரவில்லை.

உணர்வு வராதபோது, கண்ணுக்குத் தெரிந்த அடையாளத்தையே மறுக்க மூளை தயாராக இருக்கிறது. முகம் விஷயத்தில் அறிவைவிட உணர்வின் குரலுக்கே அங்கே மதிப்பு அதிகம். அறிமுகமில்லாதவர்களை எடைபோடும்போதும் இதே நிலைதான் என்பதால் இந்த நோய் இங்கே முக்கியமாகிறது.

பழகிய முகம் தரும் தவறான தைரியம்

முகங்களை அடையாளம் காண்பதில் நாம் கெட்டிக்காரர்கள் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. அது பாதிதான் உண்மை.

ராப் ஜென்கின்ஸ் குழுவினர் 2011-இல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். நெதர்லாந்தின் பிரபலங்கள் இருவரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் 20 என்று 40 புகைப்படங்களை அட்டைகளாக அச்சிட்டார்கள். அட்டைகளைக் கலைத்து பிரிட்டனில் உள்ளவர்களிடம் கொடுத்து, ஓர் ஆளுக்கு ஒரு குவியலாகப் பிரித்து வையுங்கள் என்றார்கள். அந்த இருவரையும் இவர்கள் முன்பின் பார்த்ததில்லை. நேரக் கட்டுப்பாடு கிடையாது, நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை, எல்லாம் கண்ணெதிரே மேசைமேல் கிடக்கிறது. அப்படியிருந்தும் பெரும்பாலும் ஏழெட்டுக் குவியல்கள் வந்தன. வெளிச்சமும் கோணமும் சிரிப்பும் கொஞ்சம் மாறினாலே, ஒரே ஆளை வேறு வேறு ஆட்களாக எடுத்துக்கொண்டார்கள். அதே அட்டைகளை அந்தப் பிரபலங்களைத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்களிடம் கொடுத்தபோது, இரண்டே குவியலாகப் பிரிப்பதில் அவர்களுக்குச் சிரமமே இருக்கவில்லை.

தெரிந்த முகத்தை எந்தக் கோணத்திலும் கண்டுபிடிக்கும் அனுபவம் அன்றாடம் கிடைப்பதால், தெரியாத முகத்திலும் அதே திறமை இருப்பதாக நம்பிவிடுகிறோம். தொழில்முறைப் பயிற்சியும் இதைப் பெரிதாகச் சரிசெய்வதில்லை. ஆஸ்திரேலியாவின் பாஸ்போர்ட் அலுவலர்களை வைத்து 2014-இல் வெளியான ஆய்வில், எதிரில் நிற்பவர் வேறு ஆளின் படத்தைக் காட்டியபோது 14% தடவை அலுவலர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பல ஆண்டு அனுபவம் உள்ளவரும் புதிதாகச் சேர்ந்தவரும் இதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

வளர்ந்த சூழலும் சேர்ந்துகொள்கிறது. ஆறு மாதக் குழந்தையால் ஒரு குரங்கு முகத்தையும் இன்னொரு குரங்கு முகத்தையும் வேறுபடுத்த முடிகிறது. ஒன்பது மாதத்தில் அந்தத் திறன் போய்விடுகிறது என்று ஒலிவியே பாஸ்கலிஸ் குழு 2002-இல் காட்டியது. சுற்றி எந்த முகங்கள் இருக்கின்றனவோ அவற்றுக்கு ஏற்ப மூளை தன்னைக் கூர்தீட்டிக்கொள்கிறது, மற்றவை மழுங்குகின்றன. வேறு இனத்தவர் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவதற்கு இதுதான் முக்கியக் காரணம். சிறுவயதில் கொரியாவிலிருந்து பிரான்ஸுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்கள் பெரியவர்களானபின் கொரிய முகங்களைவிட ஐரோப்பிய முகங்களையே நன்றாக அடையாளம் கண்டார்கள். இதைத் தீர்மானிப்பது பிறப்பு அல்ல, பழக்கம்.

பத்தில் ஒரு பங்கு நொடியில் ஒரு தீர்ப்பு

இப்போது மூன்றாவது கேள்வி: இவர் எப்படிப்பட்டவர்?

பிரின்ஸ்டனில் ஜனைன் வில்லிஸ், அலெக்சாண்டர் தோடொரோவ் இருவரும் 2006-இல் அறிமுகமற்ற முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா, முரட்டு ஆளா என்று கேட்டார்கள். நேரக் கட்டுப்பாடே இல்லாமல் பார்த்தவர்கள் சொன்னதோடு அந்தத் தீர்ப்புகள் பெரிதும் ஒத்துப்போயின. நம்பகத்தன்மை விஷயத்தில் ஒற்றுமை மிக அதிகம். நேரத்தை ஒரு நொடிவரை நீட்டியபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை. தீர்ப்பின்மேல் இருந்த உறுதிதான் கூடியது. கூடுதலாகப் பார்க்கக் கிடைத்த நேரத்தை மூளை தன் முடிவைச் சோதிக்கப் பயன்படுத்தவில்லை, அதை இறுக்கிக்கொள்ளவே பயன்படுத்தியது.

இதில் அமிக்டலாவுக்குப் பங்குண்டு. பொட்டு மடலுக்குள் இருபுறமும் பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் இந்தப் பகுதி, ஆபத்தையும் முக்கியத்துவத்தையும் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறது. இரு பக்க அமிக்டலாவும் சிதைந்த மூவரிடம் ரால்ஃப் அடால்ஃப்ஸ் குழு 1998-இல் முகங்களைக் காட்டியது. மற்றவர்கள் 'இவரை நெருங்காதே' என்று ஒதுக்கிய முகங்களை இவர்கள் நம்பத்தக்கவை, அணுகத்தக்கவை என்றார்கள். அந்த மூவரில் ஆய்வுலகில் எஸ்.எம். என்று அறியப்படும் பெண்ணால் பயந்த முகத்தை இனம்காண முடியாது. அவர் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. அவர் எதிராளியின் கண்களையே பார்ப்பதில்லை. கண்களைப் பாருங்கள் என்று சொன்னதும் பயத்தைச் சரியாக அடையாளம் கண்டார். சொல்வதை நிறுத்தியதும் பழையபடி ஆகிவிட்டது. பயத்தை உணர்த்துவதோடு, முகத்தில் எங்கே பார்ப்பது என்று வழிகாட்டுவதும் அமிக்டலாவின் வேலை என்பது இதிலிருந்து தெரிந்தது.

ஏன் தவறுகிறது?

முகத்தைப் பார்த்துச் சொல்லும் குணங்கள் எத்தனையோ இருந்தாலும், அவை பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களுக்குள் அடங்குகின்றன என்று நிக்கோலாஸ் ஊஸ்டர்ஹாஃப், தோடொரோவ் இருவரும் 2008-இல் காட்டினார்கள். ஒன்று நம்பகம், மற்றது ஆதிக்கம். அதாவது, இவர் எனக்குத் தீங்கு செய்வாரா, செய்ய நினைத்தால் இவரால் முடியுமா? கணினியில் உணர்ச்சியற்ற ஒரு முகத்தை எடுத்து 'நம்பகம்' பக்கமாக நகர்த்திக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அது சிரிக்கும் முகமாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் நகர்த்தினால் கோபமான முகமாகிறது. இந்தத் துறையில் மிக முக்கியமான கண்டுபிடிப்பாக நான் கருதுவது இதைத்தான். மூன்றாவது கேள்விக்கு மூளை இரண்டாவது கேள்வியிலிருந்து விடையைக் கடன் வாங்குகிறது.

கடன் வாங்கும் வழிகள் குறைந்தது மூன்று:

1. உணர்ச்சியின் சாயல். ஒருவரின் புருவம் இயல்பிலேயே தாழ்ந்திருந்தால், உதட்டு ஓரம் கீழ்நோக்கி அமைந்திருந்தால், மூளை அதைக் கோபத்தின் சுவடாகப் படித்து, 'கடுகடுப்பான ஆள்' என்று முத்திரை குத்துகிறது. எலும்பும் தசையும் அமைந்த விதம் குணமாகிவிடுகிறது.

2. குழந்தைச் சாயல். பெரிய கண், சிறிய முகவாய், உருண்டை முகம் இருந்தால் வெள்ளந்தி, ஆனால் பொறுப்பேற்கத் தெரியாதவர் என்று தோன்றுகிறது. லெஸ்லி ஸெப்ரோவிட்ஸ் இதில் பல ஆண்டுகள் ஆய்வு செய்தவர். சிறு வழக்குகள் நடக்கும் நீதிமன்றங்களை அவர் கவனித்தபோது, வேண்டுமென்றே செய்த தவறு என்ற வழக்குகளில் குழந்தை முகம் கொண்டவர்கள் தப்புவது அதிகமாகவும், கவனக்குறைவு வழக்குகளில் குறைவாகவும் இருந்தது.

3. தெரிந்தவரின் சாயல். நல்லவர் ஒருவரைப்போல் இருந்தால் இவரும் நல்லவர்.

தெரிந்தவரின் சாயல் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் முதல் இரண்டு சாயல்களும் பார்க்கிற எல்லோர் கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் படும். அதனால்தான் ஒரு முகத்தைப் பற்றி நூறு பேர் ஒரே தீர்ப்பைச் சொல்கிறார்கள். எல்லோரும் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. எல்லோரும் ஒத்துப்போவது வேறு, அது உண்மையாக இருப்பது வேறு. தோடொரோவும் ஜென்னி போர்ட்டரும் 2014-இல் ஒரே ஆளின் பல படங்களைக் காட்டியபோது, எந்தப் படம் என்பதைப் பொறுத்து அவரைப் பற்றிய எண்ணம் வெகுவாக மாறியது. குணம் முகத்தில் எழுதியிருந்தால் அது படத்துக்குப் படம் மாறக்கூடாது. 'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்ற பழமொழி அந்த நேரத்து மகிழ்ச்சிக்கும் வாட்டத்துக்கும் பொருந்தலாம், ஆளின் குணத்துக்குப் பொருந்தாது.

அந்த நேரத்து உணர்ச்சிக்கே முகம் மட்டும் போதாது. ஹிலெல் அவீசர் குழு 2012-இல், டென்னிஸ் போட்டியில் புள்ளி வென்ற கணத்திலும் தோற்ற கணத்திலும் எடுத்த படங்களைக் காட்டியது. உடலை மறைத்து முகத்தை மட்டும் காட்டினால், வென்றவர் யார், தோற்றவர் யார் என்று சொல்ல முடியவில்லை. முகத்தை மறைத்து உடலைக் காட்டியபோது சொல்லிவிட்டார்கள்.

தேர்தலிலும் நீதிமன்றத்திலும்

அமெரிக்க செனட் தேர்தல்களில் போட்டியிட்ட இருவரின் படங்களை அவர்களை அறியாதவர்களிடம் காட்டி, யார் திறமையானவராகத் தெரிகிறார் என்று கேட்டது தோடொரோவ் குழு. அப்படித் தேர்வானவர் சுமார் 70% போட்டிகளில் உண்மையிலேயே வென்றிருந்தார். 2005-இல் வந்த ஆய்வு இது. 2009-இல் ஜான் அன்டொனாகிஸ், ஓலாஃப் டால்காஸ் இருவரும் சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம், பிரெஞ்சுத் தேர்தல் வேட்பாளர்களின் படங்களைக் காட்டி உங்கள் கப்பலுக்கு யார் கேப்டன் என்று கேட்டார்கள். குழந்தைகளின் தேர்வும் ஏறக்குறைய அதே அளவுக்குத் தேர்தல் முடிவோடு ஒத்துப்போனது. கட்சி, பணம், செல்வாக்கு என்று வெற்றிக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. ஆனாலும் குழந்தையின் கண்ணும் வாக்காளரின் கண்ணும் ஒரே சாயலில் விழுகின்றன என்பதை அலட்சியப்படுத்த முடியாது.

தேர்தலைவிட அதிகம் கவலை தருவது 2015-இல் ஜான் பால் வில்சன், நிக்கோலஸ் ரூல் இருவரும் ஃப்ளோரிடா மாநிலக் கைதிகளின் படங்களை வைத்துச் செய்த ஆய்வு. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றவர்களின் முகங்கள், ஆயுள் தண்டனை பெற்றவர்களின் முகங்களைவிட நம்பகம் குறைந்தவையாக மதிப்பிடப்பட்டன. பிற்பாடு நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டவர்களிடமும் இதே வேறுபாடு தெரிந்தது. குற்றமே செய்யாதவரின் முகத்தில் குற்றத்தின் தடயம் இருக்க வழியில்லை. அப்படியானால் அந்த வேறுபாடு தண்டனை வழங்கியவர்களின் கண்ணில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

மென்பொருள் இதை எப்படிப் பெறுகிறது?

முகத்தைப் படிக்கும் மென்பொருளுக்குக் குணம் தெரியாது. மனிதர்கள் 'நம்பகமானவர்' என்றோ 'குற்றவாளி' என்றோ முத்திரையிட்ட ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து அது கற்கிறது. முத்திரையில் உள்ள பிழை அப்படியே உள்ளே போகிறது, வெளியே வரும்போது தசமப் புள்ளியோடு வருவதால் அறிவியல் போலத் தெரிகிறது.

2016-இல் ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், முகப் படத்தை மட்டும் வைத்துக் குற்றவாளிகளை ஏறக்குறைய 90% சரியாகப் பிரிக்க முடிகிறது என்றார்கள். மூக்கு நுனியிலிருந்து வாயின் இரு ஓரங்களுக்கும் போகும் கோணம் குற்றவாளிகளுக்குக் குறுகலாக இருப்பது அவர்கள் சொன்ன அடையாளங்களில் ஒன்று. லேசாகப் புன்னகைத்தாலே வாயின் ஓரங்கள் விலகி அந்தக் கோணம் விரியும். குற்றவாளி அல்லாதவர்களின் படங்களில் புன்னகையின் சாயல் இருந்தது என்று தோடொரோவ் உள்ளிட்ட விமர்சகர்கள் 2017-இல் சுட்டிக்காட்டினார்கள். மென்பொருள் கண்டுபிடித்தது அநேகமாகப் புன்னகையைத்தான். நேர்காணல் மென்பொருள் விற்கும் ஹயர்வியூ நிறுவனம், விமர்சனங்கள் தொடர்ந்த நிலையில், முகப் பகுப்பாய்வைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது.

நடைமுறையில் எதை மாற்றலாம்?

'முகத்தைப் பார்த்து முடிவுசெய்யாதே' என்ற அறிவுரை பத்தில் ஒரு பங்கு நொடியில் நடக்கும் வேலையைத் தடுக்காது. மாற்ற முடிவது நடைமுறையைத்தான். வேலைக்கு ஆள் எடுக்கும்போது முதல் சுற்றில் படத்தை நீக்கிவிட்டு, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் போடுவது ஒரு வழி. பாஸ்போர்ட் சரிபார்ப்பில் ஒருவரே முடிவெடுக்காமல், பலர் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால் பிழை குறைகிறது.

அதிகம் பேசப்படுவது கண்கண்ட சாட்சிகள் பற்றியது. அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் விடுதலையான நிரபராதிகளின் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் சாட்சி தவறாக அடையாளம் காட்டியிருந்தார். அந்நாட்டு நீதித்துறை 2017 ஜனவரியில் புலனாய்வு அமைப்புகளுக்கு வழிமுறை வெளியிட்டது. சாட்சியிடம் படங்களைக் காட்டும் அதிகாரிக்கு, அவற்றில் சந்தேக நபர் யார் என்பது தெரிந்திருக்கக் கூடாது. அடையாளம் காட்டிய கணத்தில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பதைச் சாட்சியின் சொந்த வார்த்தைகளிலேயே பதிவு செய்ய வேண்டும். முதலில் 'இவராக இருக்கலாம்' என்று தயங்கியவர், போலீஸ் தலையசைத்து, பத்திரிகையில் படம் வந்து, மாதங்கள் கழிந்து கூண்டில் ஏறும்போது 'இவரேதான், சந்தேகமே இல்லை' என்று மனதாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. இடையில் பார்த்த படங்களும் கேட்ட பேச்சும் அந்த முகத்தை அவருக்குப் பழக்கமான முகமாக ஆக்கிவிட்டன. நீதிபதியின் கையில் இருக்க வேண்டியது அந்த முதல் தயக்கத்தின் பதிவு.